புதுப்பிப்பு: ஏடிவி பின்பக்கம் அடி வாங்குனது சரியாயிடுச்சு

ஒடுகத்தூர் பக்கம் நிலத்துக்கு என் ஏடிவில (கரடுமுரடான தரையில ஓட்டுற நாலு சக்கர வண்டி) எரு மூட்டை ஏத்திட்டு போனா பள்ளத்துல பின்பக்கம் டம்முனு அடிக்குதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்பிரிங்க நான் மாத்தல. முதல்ல அளந்து பாரு, அப்புறம் ப்ரீலோட் (ஷாக் ஸ்பிரிங்க முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவு) ஏத்துன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதான் வேலை செஞ்சது.

ஜாக்கி போட்டு பின் சக்கரத்த தூக்கி சக்கரத்தோட நடுவுலருந்து கேரியர் வரைக்கும் அளந்தேன், அப்புறம் கீழ இறக்கி மூட்டையோட நானும் ஏறி உக்காந்து தம்பிய அளக்கச் சொன்னேன், 9 செ.மீ. இறங்குச்சு. ஷாக் மேலயும் கீழயும் போற மொத்த ஆட்டமே 20 செ.மீ. தான், அதுல மூணுல ஒரு பங்குதான் இறங்கணுமாம். ஷாக்க பாத்தா ப்ரீலோட் வலது ரெண்டாவது படியில, இடது முதல் படியில! மண்ண பிரஷ்ஷால நல்லா தேய்ச்சப்புறம்தான் படியே கண்ணுக்கு தெரிஞ்சுது. சி ஸ்பேனர் (ஷாக் வளையத்த திருப்புற கொக்கி மாதிரி ஸ்பேனர்) வச்சு ரெண்டையும் நாலாவது படியில வச்சேன், இப்ப 7 செ.மீ. வருது, அடி சுத்தமா இல்ல.

எதிர்பாக்காதது டயர் காத்து. ஸ்டிக்கர்ல 5 பிஎஸ்ஐ, உள்ள 14 இருந்துச்சு, பங்க்ல வண்டிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிட்டாங்க. குறைச்சதும் கல்லு ரோட்டுல கை நடுக்கம் போயிடுச்சு. சின்ன அளவு காட்டுற கேஜ் தனியா வாங்கிக்கோங்க. பின்பக்கம் ஏறுனதால ஹெட்லைட் கீழ பாக்குது, அதையும் திருப்பி வைங்க.