ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கிய பெண்களே, ஷாக் உங்கள் எடைக்கு ஒத்துவந்ததா?

கோத்தகிரியிலிருந்து:

ஹார்ட்டெயிலில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்) பல வருடம் ஓட்டிவிட்டு ஃபுல் சஸ்பென்ஷனுக்கு (பின்னாலும் ஷாக் உள்ளது) மாறிய பெண்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். கடையில் என்ன நடந்தது, மலையில் இறக்கியபோது என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

என் எடை 54 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். ஓட்டுவது பெரும்பாலும் கோடநாடு, கீழ்கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் பாதைகளில். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். கல் பதித்த படிகள், குறுக்கே வெட்டிய மழைநீர் வாய்க்கால், சில்வர் ஓக் வேர்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு டயரை விடாமல் அப்பிக்கொள்ளும் செம்மண், எல்லாம் உண்டு.

பெங்களூரில் முதலில் போன கடையில் விற்பனையாளர் என் தம்பியிடம்தான் பேசினார். ஓட்டப் போவது நான் என்று தெரிந்ததும் 'லேடீஸ் மாடல்' பக்கம் கூட்டிப் போனார். நான் கேட்டது வேறு. 54 கிலோவுக்கு இந்த ஷாக்கில் எத்தனை பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைக்க வேண்டும்? அந்தக் காற்றில் ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் எழும் வேகத்தை மாற்றும் திருகு) முழுதாகத் திறந்துவிட்டால் ஷாக் வேண்டிய வேகத்தில் எழும்புமா? "அதெல்லாம் கம்பெனி செட்டிங் மேடம், மாத்தவே வேண்டாம்" என்றார். அங்கே வாங்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், ஏர் ஷாக்கில் எடைக்குத் தகுந்த மாதிரிதான் காற்று. எடை குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் ஷாக்கை மேலே தள்ளும் விசையும் குறையும். ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெய்த் தடுப்பு பெரும்பாலும் நம்மைவிடக் கனமான ஆட்களை மனதில் வைத்து அமைத்தது. அதனால் ரீபவுண்டை முழுக்கத் திறந்தாலும் மெதுவாகவே எழும்பும். ஒரு படியில் அமுங்கிய ஷாக் எழுவதற்குள் அடுத்த படி வந்துவிடும். மூன்றாவது, நான்காவது படியில் 130 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனில் பாதிகூட மிஞ்சியிருக்காது, அடி நேராகக் காலுக்கு வரும். இதைக் கடை வாசலில் சைக்கிளை அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது கடையில் ஷாக் பம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி நின்று, ஷாக்கின் மேல் உள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) 14 மில்லிமீட்டர் நகரும்வரை காற்றைச் சரிசெய்தேன். ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம் 50 மில்லிமீட்டர், அதில் இது 28 சதவீதம். அந்த நிலையில் ரீபவுண்டில் இன்னும் மூன்று கிளிக் திறக்க மிச்சம் இருந்தது. எனக்கு அதுதான் முடிவைச் சொன்னது. காற்றுக்கான இடத்தைக் குறைக்க உள்ளே போடும் பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்த பிறகு பெரிய இறக்கங்களில் கடைசிப் பகுதியும் வேலை செய்கிறது.

பெண்களுக்கான பிராண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிவ் என்பது ஜெயண்ட் கம்பெனியின் பெண்கள் பிரிவு, ஃபிரேமையே தனியாக வடிவமைக்கிறது. ஜூலியானா என்ற பிராண்ட் வந்தது சான்டா க்ரூஸ் கம்பெனியின் அதே ஃபிரேமில், லேசான ஆட்களுக்கு ஏற்ற ஷாக் ட்யூனோடு (உள்ளே இருக்கும் எண்ணெய்த் தடுப்பின் அமைப்பு). இந்த இரண்டாவது வழிதான் விஷயத்தைத் தொட்டது என்பது என் கருத்து. நிறத்தையும் சீட்டையும் மட்டும் மாற்றி 'லேடீஸ்' என்று விற்பது வேறு.

பிரேக்கையும் பாருங்கள். ஒரு மாலை, வளைவு திரும்பினால் தேயிலைக்கு நடுவே காட்டெருமை, பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு. லீவரை முன்பே என் விரல் நீளத்துக்கு உள்ளே இழுத்து வைத்திருந்ததால் ஒரே விரலில் வழுக்காமல் நிறுத்த முடிந்தது. அது நகரும்வரை தள்ளியே நின்றேன். எட்டாத லீவரைப் பிடிக்க இரண்டு விரல் நீட்டினால் ஹேண்டில்பார் பிடி போய்விடும். வாங்கும் முன் லீவர் எவ்வளவு உள்ளே வரும் என்று திருகிப் பார்த்துவிடுங்கள்.

பூம்பாறையிலிருந்து:

அக்கா, நான் உங்களைவிடக் குள்ளம், 152. எங்களுக்குப் பிரச்சினை ஷாக்கைவிட முதலில் பின்சக்கரம். மன்னவனூர் போகும் வழியில் பூண்டு வயல் அடுக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் செங்குத்தான இறக்கத்தில், உடம்பைப் பின்னால் கொண்டுபோகும்போதெல்லாம் 29 அங்குலப் பின்சக்கரம் உரசியது. முன்னால் 29, பின்னால் 27.5 உள்ள வண்டிக்கு மாறினேன். இப்போது இடுப்பை இறக்கப் பயமில்லை.

இன்னொன்று, டிராப்பர் போஸ்ட், அதாவது ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் கம்பம். சின்ன ஃபிரேம்களில் சீட் குழாய் நடுவில் வளைந்தோ ஷாக்குக்காகக் குறுகியோ இருக்கும். 150 மில்லிமீட்டர் டிராப்பர் உள்ளே முழுதாக இறங்காது, சீட் உயரமாகவே நிற்கும். குழாய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று ஸ்பெக் தாளில் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 165 மில்லிமீட்டர் போட்டேன், கல்லில் பெடல் இடிப்பது குறைந்தது.

ஊட்டியிலிருந்து:

நான் 70 கிலோ, அதனால் நீங்கள் சொல்லும் ரீபவுண்ட் தொல்லை எனக்கு வரவில்லை. எனக்கு முக்கியமாகத் தெரிந்தது பராமரிப்பு. இங்கே ஆனியிலிருந்து கார்த்திகைவரை ஈரம் விடுவதில்லை. பின்பக்க இணைப்புகளில் உள்ள பேரிங்குகளுக்குள் சேறு போனால் முனக ஆரம்பிக்கும். 6902 போலப் பொது அளவு பேரிங் போட்ட ஃபிரேமா என்று பார்த்துத்தான் வாங்கினேன். கோயம்புத்தூரில் பேரிங் கடைகளில் கிடைத்துவிடுகிறது, வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கீழே வாங்கி மேலே கொண்டுவருபவர்களுக்கு ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியில் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன்) கீழ்க்கால்களுக்குள் அடைபட்ட காற்று, வெளிக்காற்று மெல்லியதாகும் உயரத்தில் உள்ளிருந்து தள்ளும். ஃபோர்க் காரணமில்லாமல் இறுகிப்போன மாதிரி இருக்கும். புதிய ஃபாக்ஸ் 36, 38 ஃபோர்க்குகளில் பின்புறம் சின்னப் பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் புஸ் என்று போய்விடும். பொத்தான் இல்லாத ஃபோர்க்கென்றால், மேலே வந்து அந்தக் காற்றை மெக்கானிக்கை வைத்து வெளியேற்றிவிட்டு அப்புறம் செட்டிங்கைப் பாருங்கள். டயர் காற்றையும் மேலே வந்து அளப்பதே சரி.

கோத்தகிரியிலிருந்து:

ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். டிராப்பர் ஆழத்தை நானும் அளந்து பார்க்கிறேன் தங்கச்சி.

தனியாகக் கேட்ட ஒருவருக்கு இங்கேயே பதில்: நடுவில் ஒரு சுருள் ஸ்பிரிங் மாட்டி 'டபுள் சஸ்பென்ஷன்' என்று சைக்கிள் கடையில் குறைந்த விலைக்குத் தொங்கும் வண்டி இந்தப் பாதைகளுக்கு வேண்டாம். ஸ்பிரிங்கை எடைக்கு மாற்றவும் முடியாது, ரீபவுண்டும் கிடையாது. அந்தப் பணத்துக்கு நல்ல ஹார்ட்டெயில் வரும்.

50 முதல் 60 கிலோவுக்குள் இருப்பவர்கள் கோத்தகிரி வந்தால் என் வண்டியைத் தோட்டப் படிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மீடியத்துக்கும் ஸ்மாலுக்கும் நடுவில் தடுமாறுபவர்களுக்கு, என்னுடையது ஸ்மால். ஷாக் பம்ப் என்னிடம் இருக்கிறது. பெடலும் ஹெல்மெட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.