ஒன்பது வயது மகனின் எடை: அவனைப் பட்டினி போடாமல் வீட்டில் எதை மாற்றுவது?

திருச்சி அம்மா கேட்கிறார்:

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. உயரம் 134 செ.மீ., எடை 41 கிலோ என்று எழுதி, குழந்தை நல மருத்துவரைப் பார்க்கும்படி அட்டையில் சிவப்பு மையில் குறித்து அனுப்பியிருக்கிறார்கள்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். அவர் இல்லாவிட்டால் எங்கள் வீடு ஒரு நாள்கூட ஓடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் நான்கு மணிக்கு வந்ததும் பெரிய டம்ளர் நிறையப் பால், அதில் டப்பாவில் வரும் சத்துபானப் பொடி, தூக்கலாகச் சர்க்கரை, தொட்டுக்கொள்ள பிஸ்கட்டோ முறுக்கோ. ஐந்தரைக்கு டியூஷன். ஏழு மணிக்குத் திரும்பும்போது மறுபடியும் பசி என்பான். மிக்ஸர், சிப்ஸ் என்று ஏதாவது கைக்கு வரும். நான் எட்டு மணிக்கு வந்து சமையலை முடிக்க ஒன்பது ஆகிவிடும். டி.வி. ஓடிக்கொண்டிருக்க, பாட்டி தோசையைப் பிய்த்து ஊட்டுவார். 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று நான்கு ஐந்து உள்ளே போய்விடும். ஞாயிறு இரவு பரோட்டா.

"வளருகிற பிள்ளை. உயரம் வந்தால் தானாக இழுத்துக்கொள்ளும், கண் வைக்காதே" என்பது மாமியாரின் வாதம். கணவரோ நாளை முதல் சாதத்தை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி மட்டும் கொடு என்கிறார். பன்னிரண்டு வயதில் ஓர் அக்கா இருக்கிறாள், என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அவளுக்குக் கொடுத்துவிட்டு இவனுக்கு மட்டும் எப்படி இல்லை என்பது? விசேஷ வீடுகளில் எல்லாரும் 'குண்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவான். ஆனால் இப்போதெல்லாம் போட்டோவுக்கு நிற்க வரமாட்டேன் என்கிறான்.

இன்னொன்று. அவன் பின்கழுத்து கருத்துப்போயிருக்கிறது. பயத்தம்மாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இதற்கும் எடைக்கும் தொடர்பு உண்டா?

மதுரை உணவியல் ஆலோசகர்:

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கருப்பு பெரும்பாலும் அழுக்காக இருக்காது. தேய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், தோல் புண்ணாவதுதான் மிச்சம். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் கணையம் கூடுதலாகச் சுரந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது பொதுவான அடையாளம். குழந்தைகள் பிரிவில் பருமனான பிள்ளை வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி, இரத்த அழுத்தம் இவற்றைப் பார்க்கச் சொல்வார். இரவில் குறட்டை விடுகிறானா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். அதுவும் முக்கியம்.

இப்போது எடைக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த கணக்குப்படி பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், ஏறத்தாழ 22.8. பெரியவர்களுக்குச் சொல்லும் எண்ணை நினைத்துக்கொண்டு 'இது சரியான அளவுதானே' என்று பல பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் ஒன்பது வயதுப் பையனுக்குப் பருமனின் கோடு 20.5-ஐ ஒட்டி இருக்கிறது. மகன் அதைத் தாண்டி நிற்கிறான்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. இந்த வயதில் பிள்ளை ஆண்டுக்கு ஐந்து செ.மீ. அளவுக்கு உயரும். எடை இதே 41 கிலோவில் நின்று உயரம் மட்டும் கூடினால், இரண்டு ஆண்டில் பி.எம்.ஐ. இருபதுக்குக் கீழே வந்துவிடும். பதினோரு வயதுக்கு அது பருமன் கோட்டுக்குக் கீழேதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாங்கள் எடையைக் குறைக்கச் சொல்வதில்லை, ஏறாமல் பிடித்து வைக்கத்தான் சொல்கிறோம். விட்டுவிட்டால் அது தானாக நிற்காது, அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு எது என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

உங்கள் கணவர் சொல்லும் இரண்டு சப்பாத்தித் திட்டம் வேண்டாம். அரிசிக்கும் கோதுமைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. பசியோடு எழுந்த பிள்ளை அலமாரியைத் திறக்கும், பிறகு ஒளித்துச் சாப்பிடப் பழகும். அந்தப் பழக்கம் வந்தபின் எங்களிடம் வரும் பிள்ளைகளைத் திருப்புவது மிகக் கடினம்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த ஏழு மணிப் பசி. அது நொறுக்குத் தீனிக்கான பசியே அல்ல, இரவுச் சாப்பாட்டுக்கான பசி. அதை மிக்ஸரால் ஆற்றிவிட்டு ஒன்பது மணிக்கு இன்னொரு முழுச் சாப்பாடும் கொடுக்கிறோம். காலையிலேயே சாம்பாரோ குழம்போ கூடுதலாக வைத்துவிட்டுப் போங்கள். டியூஷன் முடிந்து வந்ததும் ஏழேகாலுக்குப் பாட்டி இட்லியோ தோசையோ போட்டுக் கொடுக்கட்டும். அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. நீங்கள் வந்து சாப்பிடும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசலாம். ஒன்பது மணிக்குச் சாப்பிடும் பிள்ளை பத்தரைக்குத்தான் தூங்கும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பைத்தான் கேட்கும்.

அடுத்து அந்தப் பொடி டப்பா. பின்புறம் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள். 100 கிராமுக்கு 30 கிராம் என்று போட்டிருந்தால், இரண்டு கரண்டியாக நீங்கள் போடும் 20 கிராம் பொடியில் 6 கிராம் சர்க்கரை. அதற்கு மேல் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னொரு 10 கிராம். காலையும் மாலையும் குடித்தால் 32 கிராம். இந்த வயதுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி தேவை. அதில் சேர்க்கும் சர்க்கரை பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து சதவீதம் என்றால் 21 கிராம். பாலிலேயே அதைத் தாண்டிவிட்டோம், பிஸ்கட்டை இன்னும் எண்ணவே இல்லை. 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது, நம் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பால் நல்லது. பாலைப் பாலாகக் கொடுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் டம்ளரைத் தள்ளிவிடுவான். பொடியையும் சர்க்கரையையும் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள்.

அக்கா, தம்பி இருவருக்கும் ஒரே தட்டு, ஒரே சமையல். அவள் ஒல்லி என்பதற்காக அவளுக்குச் சிப்ஸ் தேவைப்படுவதில்லை. வீட்டுக்குள் எது வருகிறது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இவை பெரியவர்கள் முடிவு. வைத்ததில் எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அதற்கு அவன் தன் கையால் சாப்பிட வேண்டும், டி.வி. அணைந்திருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியும். ஊட்டுகிற கைக்கு அது தெரியாது.

ஞாயிறு பரோட்டாவை நிறுத்த வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கடையிலேயே போய் உட்கார்ந்து, எல்லாரும் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்:

மகளே, உன் மாமியார் வயதுதான் எனக்கும். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்தவள் நான். அன்றைக்கு என் மையத்தில் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு விலா எலும்பு தெரியும், முடி செம்பட்டையாக இருக்கும். ஒரு பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். 'கொழுகொழு' என்று ஒரு பிள்ளையைப் பார்த்தால் தாய் கொடுத்துவைத்தவள் என்போம். உன் மாமியார் 'இன்னும் ஒன்று' என்று ஊட்டுவதற்குள் அந்தக் காலத்துப் பயம் இருக்கிறது. அதை அறியாமை என்று நினைத்துவிடாதே. கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லாதே. பிள்ளை முன்னால் ஒருபோதும் சொல்லாதே.

மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போ. மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும். பிறகு மாலைப் பலகாரப் பொறுப்பை முழுவதும் அவரிடமே ஒப்படைத்துவிடு. நான் என் பேரனுக்கு முதல் நாள் இரவே கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவைத்துவிடுவேன். மறுநாள் நாலு மணிக்கு அவன் செருப்பைக் கழற்றும்போது கடுகு வெடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மேலே ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் பொடியாக நறுக்கிய மாங்காயும். வேகவைத்த வேர்க்கடலை கிடைக்கிற பருவத்தில் தோலோடு கிண்ணத்தில் வைத்தால் உரித்து உரித்துச் சாப்பிடவே அரை மணி நேரம் ஆகும். கொய்யாவை வெட்டி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? முறுக்கு டப்பாவை யாரும் பிடுங்க வேண்டியதே இல்லை, அது தீபாவளிக்கு இறங்கினால் போதும்.

டியூஷன் பக்கம்தான் என்றால் பாட்டியும் பேரனும் நடந்தே போய் வரட்டும். எங்கள் முழங்காலுக்கும் நல்லது.

ஓசூர் அப்பா:

வீட்டை மட்டும் சரிசெய்து பயனில்லை, பள்ளியையும் கேளுங்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு வகுப்பை கணிதத்துக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. பெற்றோர் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தோம், இப்போது வாரத்தில் இரண்டு வகுப்பு மைதானத்தில் நடக்கிறது. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டியூஷனும் வேனும் போக அந்த அறுபது நிமிடம் எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும்.

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. கேன்டீனில் என்ன விற்கிறார்கள் என்று ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

ஒரு காலத்துக் குண்டுப் பையன்:

எனக்கு 31 வயது. உணவைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் அந்தப் பெயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள், அக்கா.

எனக்குப் பத்து வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். பையன்கள் அளவு எதுவும் பொருந்தவில்லை. கடைக்காரர் இஞ்ச் டேப்பை என் இடுப்பில் சுற்றிவிட்டு, அளவை உரக்கச் சொல்லி மாடிக்கு அனுப்பினார். பக்கத்தில் நின்ற சித்தப்பா சிரித்தார், அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் மகன் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அன்றிரவு அலமாரியிலிருந்த அதிரசத்தை இருட்டில் நின்று தின்றேன்.

அடுத்த விசேஷத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், 'அவனுக்குப் பெயர் இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் மாமா' என்று அவன் காதில் விழும்படி நீங்களே சொல்லுங்கள். அவனைத் தினமும் தராசில் ஏற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் வீட்டிலும் சில பிள்ளைகள் பருமனாக இருப்பார்கள், பரம்பரை அப்படி. அப்போதும் அவன் உங்கள் பிள்ளைதான் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

திருச்சி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பதிலைக் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெயரை நிறுத்தச் சொல்லித் தன் அண்ணனிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அமைப்பாளர் அம்மா சொன்னபடி மாமியாரையும் கேட்டேன், மருத்துவமனைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். சனிக்கிழமை காலை நேரம் கிடைத்திருக்கிறது. இரத்தம் எடுப்பதற்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறு வேண்டும்? அவன் பசி தாங்குவானா என்று பாட்டிக்குக் கவலை.

மதுரை உணவியல் ஆலோசகர்:

பொதுவாக எட்டு மணி நேரம் போதும். கொழுப்புக்கும் சேர்த்து எடுக்கும் சில ஆய்வகங்கள் பத்து மணி நேரம் கேட்கும், வெள்ளிக்கிழமையே தொலைபேசியில் விசாரித்துவிடுங்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குள் சாப்பிட வைத்துவிட்டு, காலை முதல் ஆளாக ஆய்வகத்துக்குப் போய்விடுங்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம். இட்லி டப்பாவைப் பாட்டி கையோடு எடுத்து வரட்டும், இரத்தம் எடுத்த உடனே அங்கேயே சாப்பிட்டுவிடலாம்.