பட்டை கழற்றிய சுருட்டு: நாக்கு ஊரைச் சொல்லுமா?

புத்தூர்க்காரன்
வணக்கம். போன ஞாயிறு புத்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் நண்பர்கள் கூடினோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் கியூபா, நிகராகுவா, டொமினிக்கன் சுருட்டுகள் கொண்டுவந்திருந்தார். கூடவே உறையூர்ச் சுருட்டும் கோதாவரி லங்கா இலைச் சுருட்டும் சேர்த்துக்கொண்டோம். காகிதப் பட்டையையெல்லாம் கழற்றிவிட்டு, புகைத்துப் பார்த்து எது எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள்.

பழகிய நாக்குக்கு மண் தெரியும் என்பது என் கட்சி. கியூபாவில் பினார் தெல் ரியோ பக்கம் சிவந்த மண். நிகராகுவாவின் எஸ்தெலியில் எரிமலை போட்ட கறுப்பு மண். லங்கா இலை கோதாவரித் தீவுகளின் வண்டலில் விளைவது. இவை எல்லாம் ஒரே ருசி தருமா? எஸ்தெலி இலையின் மிளகுக் காரம் நாக்கின் ஓரத்தில் ஏறி நிற்கும். கியூபா இலை அப்படி முரட்டுத்தனமாக வராது. மறுப்பவர்கள் வரலாம்.

நகரி மேற்கு
அண்ணா, நான் மறுக்கிறேன். உறையூர்ச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். கியூபா சுருட்டின் வாய்ப்பக்கம் இலைத் துண்டு ஒட்டி மூடியிருக்கும், அதை வெட்டித்தான் பற்ற வைக்க வேண்டும். கையில் எடுத்த உடனே பாதி விடை தெரிந்துவிடும். பட்டையைக் கழற்றினால் மட்டும் போதாது. அன்றைக்குச் சொன்னது விரலா, நாக்கா?

அதைவிடப் பெரிய சிக்கல் 'எந்த நாடு' என்ற கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு சுருட்டில் மூன்று வேலைக்கு மூன்று வகை இலை: உள்ளே வைப்பது, அதைச் சேர்த்துக் கட்டுவது, மேலே சுற்றுவது. நிகராகுவாவிலும் டொமினிக்கனிலும் சுற்றுகிற எத்தனையோ சுருட்டுகளுக்கு மேலிலை ஈக்வடாரிலிருந்து வருகிறது. அங்கே மேகம் வெயிலை மறைப்பதால் இலை மெல்லிசாக வரும். ஈக்வடார் மேலிலை, டொமினிக்கன் உள்ளிலை, நிகராகுவாவில் சுற்றியது என்றால் நாக்கு எந்த ஊரைச் சொல்ல வேண்டும்? கியூபா சுருட்டில் மூன்றுமே சொந்த மண் இலைதான். அந்த விதைகூட அங்கேயே நிற்கவில்லை. 1960-ல் கியூபா அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டதும் தொழில் தெரிந்தவர்கள் பலர் வெளியேறி டொமினிக்கன், ஹொண்டுராஸ், நிகராகுவா என்று போனார்கள், கியூபா விதையும் அந்த நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1962-ல் அமெரிக்கா கியூபா சரக்குக்குத் தடை போட்ட பிறகு அந்த நாடுகளின் சுருட்டுக்குத்தான் அங்கே சந்தை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திராவில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் விளைந்ததா இந்தப் பக்கமா என்று கரும்பைக் கடித்துச் சொல்ல முடியுமா?

புத்தூர்க்காரன்
தம்பி, நான் கோட்டைச் சொல்லவில்லை, மண்ணைச் சொல்கிறேன். மண்ணில் குளோரைடு கூடினால் இலை சரியாக எரியாது, அணைந்து அணைந்து போகும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) நன்றாக இருந்தால் சீராக எரியும். வேதாரண்யம் புகையிலை உப்புக் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் வளர்வது. அதனால்தான் அது மெல்லுவதற்குப் போகிறது, சுருட்டுக்குப் போவதில்லை. மண் இப்படி வெளிப்படையாகப் பேசும்போது ருசியில் மட்டும் பேசாது என்கிறாயா?

காளஹஸ்தி ரோடு
ஷெர்லக் ஹோம்ஸ் 1887-லேயே இதைச் செய்துவிட்டாரே! முதல் கதையிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார்.

உறையூர் மருமகன்
கதைக்கு அது அழகு. சாம்பலில் தெரிவது இலைக்குள் போன தாதுச் சத்து. அதே சத்துள்ள மண் வேறு ஊரிலும் இருக்கும்.

நான் இருப்பது சத்தியவேடு, பெண் எடுத்தது சுருட்டு சுற்றுகிற வீட்டில். இலையைப் பாடம் போடுவதை, அதாவது புளிக்க வைத்துப் பதப்படுத்துவதை, நீங்கள் இருவரும் கணக்கிலேயே எடுக்காமல் பேசுகிறீர்கள். இலையை அடுக்கி மூடி வைத்தால் உள்ளே தானாகச் சூடு ஏறும். கையை விட்டால் வெந்நீர்ப் பானைக்குள் விட்டது போலிருக்கும். பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து, வெளியே இருந்ததை உள்ளே வைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். பிரிக்கும்போது கண்ணில் நீர் வரும், அவ்வளவு அம்மோனியா நெடி. அந்த நெடி போகும்வரை பொறுத்த இலைதான் நாக்கில் இனிக்கும். அவசரப்பட்டு எடுத்தால் எந்த மண்ணில் விளைந்தாலும் தொண்டையைக் கடிக்கும். அப்புறம், ஒரே செடியில் உச்சி இலைக்குக் காரம் அதிகம், அடி இலை சாது, ஆனால் நன்றாக எரியும். புத்தூர் அண்ணன் சொல்கிற மிளகுக் காரம் எஸ்தெலி மண்ணா, உச்சி இலையைக் கூடுதலாக வைத்ததா? நாக்கு முதலில் பிடிப்பது கைப்பக்குவத்தை. ஊர் அதற்கு அப்புறம்தான், அதுவும் எப்போதாவது.

பள்ளிப்பட்டு டீச்சர்
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அந்தப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) உள்ளது, நிகோடின் வாய்த் தோல் வழியாகவே ஏறிவிடும். ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டு பிடிக்கும் பழக்கம் உண்டு. மேல் அண்ணத்தில் அவர்களுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதுகிறார்கள்.

உங்கள் விவாதத்துக்கும் இதில் விஷயம் இருக்கிறது. முதல் சுருட்டிலேயே தலை லேசாகச் சுற்றும், நாக்கு மரக்கும். அதே உட்காரலில் அடுத்தடுத்துப் பிடித்துச் சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பு ஏது? கண்ணும் ஏமாற்றும். பிரான்சில் போர்தோவில் வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற மணங்களையே எழுதினார்கள். 2001-ல் வெளியான ஆய்வு. கறுத்த மேலிலையைப் பார்த்தாலே காரம் என்று மனசு முடிவு செய்துவிடும்.

புத்தூர்க்காரன்
டீச்சர் சொல்வது சரி. நோய் விஷயத்தில் எனக்கு வாதமே இல்லை, புகைக்காதவர் யாரையும் இதற்கு அழைக்க மாட்டேன். ஆனால் நாக்கின் மேல் எனக்குள்ள நம்பிக்கை போகவில்லை. கண்ணைக் கட்டுவோம். இரண்டு முனையையும் ஒரே மாதிரி வெட்டிவிடுவோம். சுருட்டை வேறொருவர் பிடித்துக்கொடுக்கட்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதுவும் பாதி வரை. அப்படி வைத்தாலும் லங்கா இலையை எஸ்தெலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நகரி மேற்கு
சம்மதம் அண்ணா. ஆனால் லங்காவையும் எஸ்தெலியையும் பிரிப்பதை நான் பந்தயமாக எடுக்கவில்லை, பாடம் போட்ட விதமே வேறு, அது எனக்கும் தெரியும். ஒரே மாதிரி பாடம் போட்ட நிகராகுவாவையும் ஹொண்டுராஸையும் பிரித்துக் காட்டுங்கள். கூடவே ஈக்வடார் மேலிலை சுற்றிய சுருட்டு ஒன்று இருக்கட்டும். அதற்கு எந்த ஊரைச் சரியான விடையாக எடுத்துக்கொள்வீர்கள் என்பதை, பற்ற வைப்பதற்கு முன்னாலேயே எழுதி டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.