மறுமொழி: நீராவித் தடுப்பா, நீராவித் தணிப்பா?

> ஓட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் விரிக்கிற ஷீட்டுக்கு 'உள்ளீரத் தடுப்பு' என்று நம் கட்டுமானக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

ஐயா, 'உள்' வேண்டாம். அது குளிர்நாட்டு வீட்டுக்குப் பொருந்துவது. அங்கே அறைக்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலேறி, பனியில் சில்லிட்ட கூரைப் பலகையில் பட்டு வேர்க்கிறது. அதனால் ஷீட்டை, வெப்பத்தைத் தடுக்கப் போடும் கண்ணாடிப் பஞ்சுக்குக் கீழே, அறைப் பக்கமாக விரிக்கிறார்கள். காரைக்குடியில் நடப்பது தலைகீழ். வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கோத்துவிடும். உள்ளே ஏசி 24-இல் ஓடுகிறது! ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் ஈரம் குளிர்ந்த ஷீட்டின் முதுகில் தேங்கிக் கண்ணாடிப் பஞ்சை நனைக்கும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது. ஜிப்சம் பலகையும் பூசணம் பிடிக்கும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறவர்கள் வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் இதுதான் கதி. இங்கே ஷீட் போடுவதென்றால் பஞ்சுக்கு மேலே. இல்லையா, போடாமலே விடலாம்.

'ஈரம்' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு மேல் போடும் ஈரத்தடுப்பு தண்ணீரை நிறுத்துவது, இது ஆவியை. வெறும் 'ஆவித் தடுப்பு' என்றால் வேப்பிலையோடு யாராவது வந்து நிற்பார்கள். ஆகவே 'நீராவி'.

இனி, தடுப்பா தணிப்பா? ஷீட்டின் ஊடே ஆவி எவ்வளவு போகிறது என்பதைப் பெர்ம் என்ற அலகில் அளக்கிறார்கள். 0.1 பெர்மோ அதற்குக் கீழோ என்றால் கிட்டத்தட்ட அடைத்த மாதிரி. கனமான பாலித்தீன் இந்த வகை. அதற்கு மேல் 10 வரை உள்ளவை ஆவியின் வேகத்தை மட்டும் குறைக்கும். முன்னதற்கு நீராவித் தடுப்பு, பின்னதற்கு நீராவித் தணிப்பு என்று இரண்டு பதிவாகவே போடுவோம்.

> காற்றுப் போக்குக்கு 'மேல்துளை', 'கீழ்த்துளை' போதாதா?

கீழே கூரை விளிம்பில் காற்று நுழைவது இறவாணத் துளை, உச்சியில் வெளியேறுவது மோட்டுத் துளை என்றால் கொத்தனாருக்கும் உடனே புரியும். நாட்டு ஓட்டுக்கு இரண்டுமே தேவைப்பட்டதில்லை, இடுக்கெல்லாம் காற்றுதான். சீலிங் அடித்த பிறகுதான் வம்பு. அதில் விளக்குக்கு வெட்டிய ஓட்டை வழியாகக் காற்றோடு வரும் ஈரம், ஷீட்டின் ஊடே வருவதைவிடப் பல மடங்கு. அப்புறம், அந்த ஓட்டைகளைப் பூசி மூடுவதற்குக் 'காற்றடைப்பு' என்று தனிப் பதிவு வேண்டும்.

ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடத்தைப் 'பரண்' என்று எழுதியிருந்த அக்காவுக்கு: பரண் சாமான் போடுகிற இடம். என் வாக்கு 'மோட்டுவெளி'க்கு.