புதுப்பிப்பு: மாரி காலத்தில் ஆமைத் தொட்டிக்கு வெப்பமும் ஒளியும்

மாரி மழை தொடங்கி வெயில் மறைந்தால், விறாந்தையில் வளரும் எங்கள் சிவப்புக் காது ஆமைக்கு என்ன விளக்குப் பொருத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் பின் செய்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் வெப்பத்துக்குக் குறைவில்லை. கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்காக வானம் மூடியிருக்கும்போது குறைவது புறஊதா பி கதிர்தான். அது போதாவிட்டால் உடலில் உயிர்ச்சத்து டி3 உருவாவது குறைந்து, உண்ணும் கல்சியம் ஓட்டிலும் எலும்பிலும் சரியாகச் சேராது. கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், அதற்குரிய குழாய் விளக்கைத் தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் வைக்காமல், மூடியை அகற்றி நேரடியாகத் தொங்கவிட்டேன்.

ஏறி உலரும் கல்லின் மேல் ஒரு வெப்பக் குமிழையும் பொருத்தி, கல்லின் மேற்பரப்பு 32 முதல் 35 பாகை செல்சியசில் நிற்குமாறு உயரத்தைச் சரிசெய்தேன். இப்போது காலையில் ஆமை அதில் ஏறி, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்தபடி கிடப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. இரவில் விளக்குகளை அணைத்துவிடுகிறேன். தானியங்கி வெப்பக்கட்டுப்பாடுள்ள நீர்ச்சூடாக்கி மட்டும் இயங்கி, நீரை 25 பாகையளவில் வைத்திருக்கிறது.

மின்கம்பிகளைச் செருகியை விடத் தாழ வளைத்துவிடுங்கள். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழாய் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் புறஊதாக் கதிர் மாதக்கணக்கில் தேய்ந்துவிடும் என்பதால், பொருத்திய திகதியை அதன் முனையில் எழுதி வைத்துள்ளேன்.