புதுப்பிப்பு: யீ 2 தீம் பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: சிங்கப்பூர் தேக்காவில் ஒரு நடனப் பள்ளிக்கு யீ 2-இல் (Yii 2, பிஎச்பி மொழியில் இணையதளம் கட்ட உதவும் கட்டமைப்பு) செய்த தளத்துக்குப் புதுத் தீம் (தோற்ற அமைப்பு) போட்டேன், முகப்பு மாறியது, வகுப்புப் பதிவுப் பக்கம் மட்டும் பழைய தோற்றத்திலேயே நின்றது.

காரணம் கிடைத்துவிட்டது. பதிவுப் பக்கம் தனி மாட்யூலுக்குள் (தளத்துக்குள் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதி) இருக்கிறது. எந்த ஃபோல்டருக்குப் பதிலாகத் தீமின் எந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பாத்மேப்பில் (pathMap), பக்க வடிவக் கோப்புகள் இருக்கும் பொதுவான வியூஸ் ஃபோல்டரை மட்டும்தான் நான் கொடுத்திருந்தேன். மாட்யூல்ஸ் ஃபோல்டருக்கும் தீமுக்குள் ஓர் இணை ஃபோல்டரைக் காட்டி ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. விட்ஜெட்டுகளுக்கும் (பல பக்கங்களில் திரும்பப் பயன்படுத்தும் சிறு துண்டுகள்) இப்படியே தனி வரி வேண்டும். தீமில் ஒரு கோப்பு இல்லையென்றால் யீ சத்தமில்லாமல் பழையதையே எடுத்துக்கொள்ளும், பிழைச்செய்தி எதுவும் வராது. அதனால்தான் இரண்டு இரவு தேட வேண்டியிருந்தது.

அப்புறம் இன்னொன்று. 'பதிவு செய்க' பொத்தானில் 'வு'வின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டே தெரிந்தது. ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்த 32 பிக்சல் உயரம். பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் வேறு. இரண்டையும் எடுத்துவிட்டு லைன்-ஹைட்டை (வரியின் உயரம்) 1.6 ஆக்கினேன். இப்போது எழுத்து முழுசாகத் தெரிகிறது, பார்க்கவே நிறைவாக இருக்கிறது. நேற்று ஒரு பாட்டி எம்ஆர்டி ரயிலில் வரும்போதே கைப்பேசியில் பேத்தியின் பெயரைப் பதிந்துவிட்டாராம்.

மாட்யூலைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.