‘கேர்’ என்பதற்கு ஒரு சொல்: பராமரிப்பா, ஓம்பலா, பேணலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சமூக நீதி, அரசியல், சட்டம் ஆகியவற்றோடு ‘கேர்’ (care) என்னும் கருத்தையும் சேர்த்து ஆராயும் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கலைச்சொல் அடைவைப் பதிப்பகத்திடம் கொடுத்தாக வேண்டும். பெண்ணியச் சிந்தனையாளர்களான பெரெனிஸ் ஃபிஷரும் ஜோன் டிரான்டோவும் 1990-இல் ‘கேர்’ என்பதை நான்கு கட்டங்களாகப் பிரித்தனர்: தேவையைக் கண்டு அக்கறை கொள்ளுதல், பொறுப்பேற்றல், நேரில் செய்தல், உரியவர் அதைப் பெறுதல். மூலத்தில் நான்குக்கும் வேர் ஒன்றே. ‘பராமரிப்பு’ மூன்றாம் கட்டத்துக்கு மட்டுமே பொருந்துகிறது. தவிர, சாலையையும் லிஃப்டையும்கூடப் பராமரிக்கிறோம். படுத்த படுக்கையாய் இருப்பவரின் வாயைத் துடைத்துவிடும் கைக்கும் அதே சொல்லா?

மறுமொழி 1

ஐயா, ‘ஓம்பல்’ இருக்க வேறெதற்கு? விருந்தோம்பலில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. ‘குடிபுறங் காத்தோம்பி’ (குறள் 549) என்று வேந்தன் தொழிலாகவே வள்ளுவர் அதை வைத்திருப்பதால், வீட்டுக்குள் கிடந்த பொறுப்பை அரசின் முன் நிறுத்தும் நூலுக்கு இது மிகவும் ஏற்றது. ‘பராமரிப்பு’ வடமொழிப் ‘பராமர்ச’த்தின் வழிவந்தது, அங்கே அதற்கு ஆராய்தல் என்றே பொருள்.

மறுமொழி 2

அதே திருக்குறளில் இன்னோரிடத்தில் ‘எனைத்தும் குறுகுதல் ஓம்பல்’ (820) என்றால் ‘சற்றும் நெருங்காதே’ என்று பொருளாயிற்றே! காத்தல், தவிர்த்தல் என இரண்டு பக்கமும் இழுக்கும் சொல்லை அட்டையில் போட்டுவிட்டு உள்ளே விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ‘பேணல்’ போதும். பேணுநர், பேணப்படுநர் என்று கிளைக்கும். ‘கேர் எதிக்ஸ்’ என்பதற்குப் ‘பேணறம்’ நல்ல வினைத்தொகை. முன்னே இருப்பது தனிக்குறில் அன்று, ஆகவே ணகரம் இரட்டிக்காது.

மறுமொழி 3

புணர்ச்சி சரி, சுமை யார் தலையில்? ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ (56) என்று பேணவேண்டியவள் மனைவி. வேந்தனுக்கு ஓம்பல், மனைவிக்குப் பேணல் என்ற இந்தப் பங்கீட்டைத்தானே நூல் கேள்வி கேட்கிறது? உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982-இல் இந்த அக்கறை அறம் பற்றி எழுதியதன் மீது வந்த கண்டனங்களில் ஒன்றும், அக்கறையைப் பெண்ணின் இயல்பாக்கிவிடுகிறது என்பதுதான். இன்னொன்று: மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பராமரிப்புச் சட்டம் என்றே அறிவோம். பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் முதியவரிடம் போய்ப் ‘பேணற்படி’ என்றால் அவருக்கு என்ன விளங்கும்? ‘அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்றே நாம் எல்லோரும் கேட்கிறோம். அந்தப் ‘பார்த்துக்கொள்ளுதல்’ ஏன் யார் நினைவுக்கும் வரவில்லை?

மறுமொழி 4

நினைவுக்கு வந்தது, அம்மா. ஆனால் அதிலிருந்து பெயரடையோ தொகைச்சொல்லோ ஆக்க முயன்றால் நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது. கோட்பாட்டுப் பகுதியில் ‘பேணல்’, சட்ட இயலில் ‘பராமரிப்பு’, முதற்கட்டத்துக்கு ‘அக்கறை’, நேர்காணல்களில் ‘பார்த்துக்கொள்ளுதல்’ என அனுப்பப் போகிறேன். ஒரே வேர் என்ற ஆசையை விட்டுவிட்டேன். ‘சுமை யார் தலையில்?’ என்று தாங்கள் கேட்ட கேள்வியை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் சேர்க்கிறேன்.

மறுமொழி 5

ஓம்பலுக்கான என் வாக்கைத் தனியே பதிவு செய்துகொள்க. தீங்கு வராமல் காத்துக்கொள்ளுதலே தவிர்த்தல் என விரிந்தது. 820-ஐ வைத்தே அதை நிறுவ முடியும். விரிவாக நாளை எழுதுகிறேன்.